ஏற்காடு மலைப்பாதையில் "ரேஸ்" வேண்டாம்: முறைப்படி "ஸ்பிரிண்ட்" கார் போட்டி நடத்துவது எப்படி? எந்த காருக்கு எந்த பிரிவு? முழு விவரம்

ஏற்காடு,

சேலத்தில் இருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கார், பைக் ஓட்டும் வாலிபர்களுக்கு இந்த வளைவுகள் மீது எப்போதும் ஒரு கண். "அடிவாரத்தில் இருந்து மேலே எத்தனை நிமிஷத்தில் ஏறினே?" என்ற பேச்சு டீக்கடையில் சாதாரணமாக காதில் விழும்.

அந்த பேச்சுதான் ஆபத்தின் ஆரம்பம். பஸ், லாரி, சுற்றுலா வேன், பள்ளிக்கூட பிள்ளைகள் என்று எல்லோரும் போய் வரும் பாதையில் கடிகாரத்தை பார்த்து கார் ஓட்டினால், தோற்பவர் பந்தயத்தில் இல்லாத ஒருவராகவும் இருக்கலாம்.

ஆனால் இதே ஆசையை சட்டத்துக்கு உட்பட்டு, குறைந்த செலவில், சொந்த காரிலேயே தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கு பெயர்தான் "ஸ்பிரிண்ட்". இதை நடத்துவது எப்படி, கார்களை எப்படி பிரிப்பது, யாரிடம் அனுமதி வாங்குவது என்ற விவரம் வருமாறு:-

ஸ்பிரிண்ட் என்றால் என்ன?

டி.வி.யில் பார்க்கும் கார் பந்தயத்தில் 20 கார்கள் ஒரே நேரத்தில் சீறிப்பாயும். ஒன்றை ஒன்று முந்தும். ஸ்பிரிண்டில் அது கிடையாது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடும். நின்ற இடத்தில் இருந்து கிளம்பி, குறிப்பிட்ட பாதையை முடிக்க வேண்டும். போட்டி பக்கத்து காருடன் அல்ல, கடிகாரத்துடன். யார் குறைந்த நேரத்தில் முடித்தாரோ அவர் ஜெயித்தார், அவ்வளவுதான்.

இதையே சமதளத்தில் வைத்தால் ஸ்பிரிண்ட். மலை ஏறும் பாதையில் வைத்தால் "ஹில் கிளைம்ப்". மண் மைதானத்தில் வளைந்து வளைந்து பாதை போட்டு வைத்தால் "ஆட்டோகிராஸ்". மூன்றும் ஒரே குடும்பத்து பிள்ளைகள்.

கார் மீது கார் மோத வாய்ப்பு இல்லாததால், முதன்முதலாக போட்டிக்கு வருபவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

எங்கே தொடங்கியது?

இங்கிலாந்தில் உள்ள ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற இடத்தில் 1905-ம் ஆண்டு ஹில் கிளைம்ப் போட்டி தொடங்கியது. பாதையின் நீளம் 1,000 கெஜம் மட்டுமே, அதாவது ஒரு கிலோ மீட்டர் கூட இல்லை. இன்றும் அங்கே போட்டி நடக்கிறது.

அமெரிக்காவில் பைக்ஸ் பீக் மலையில் 1916-ம் ஆண்டு தொடங்கிய போட்டி உலகப்புகழ் பெற்றது. சுமார் 20 கி.மீ. தூரம், 156 வளைவுகள். இந்த இரண்டு இடத்திலும் போட்டி நேரத்தில் பாதை முழுவதும் மூடப்படும் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய சொந்தம் உண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீள நிரந்தர பந்தய பாதை அமைந்தது.

கோவை செட்டிப்பாளையத்தில் "காரி மோட்டார் ஸ்பீட்வே" உள்ளது. குறைந்த செலவில் பந்தய கார் ஓட வேண்டும் என்று மாருதி 800 என்ஜினை வைத்து "பார்முலா மாருதி" காரை உருவாக்கிய எஸ்.கரிவரதனின் நினைவாக அந்த பெயர். இவர் 1995-ல் விமான விபத்தில் இறந்தார்.

அதே கோவையை சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ம் ஆண்டு பார்முலா-1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் சென்னையை சேர்ந்த கருண் சந்தோக் இரண்டாவது இந்தியர் ஆனார். இவர்கள் எல்லோரும் வேகத்தை காட்டி பேர் வாங்கியது பந்தய பாதையில். ஊர் ரோட்டில் அல்ல.

மலைப்பாதையில் ஏன் கூடாது?

முதல் காரணம் சட்டம். மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவின்படி, மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் வாகன பந்தயமோ, வேக சோதனையோ நடத்துவது குற்றம். ஓட்டுபவர் மட்டும் அல்ல, அதை அனுமதிப்பவரும் மாட்டுவார்.

2019-ம் ஆண்டு திருத்தத்துக்கு பிறகு முதல் முறை பிடிபட்டால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

"நான் யாருடனும் பந்தயம் போடலியே, தனியாத்தானே டைம் பார்த்தேன்" என்று தப்பிக்க நினைத்தால் நடக்காது. வேக சோதனை என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது.

18 வயது ஆகாத பையன் ஓட்டி சிக்கினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயிலும் ரூ.25 ஆயிரம் அபராதமும் விதிக்க சட்டத்தில் இடம் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

இரண்டாவது காரணம் இன்சூரன்ஸ். சொந்த காருக்கு எடுக்கும் பாலிசியை பிரித்து படித்தால், ஏற்பாடு செய்த பந்தயம், வேக சோதனை ஆகியவற்றுக்கு அந்த காப்பீடு பொருந்தாது என்று அச்சடித்து இருக்கும். கார் நொறுங்கினால் முழு செலவும் சொந்த கைக்காசு.

மூன்றாவது காரணம் கணக்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஓட்டுபவர் ஆபத்தை பார்த்து பிரேக் மிதிக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த நல்ல ரோட்டில் சுமார் 20 மீட்டரில் நிற்கும். அதுவே 80 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 58 மீட்டர். மழை பெய்து ரோடு வழுக்கினால் 85 மீட்டர் வரை ஆகலாம். இறக்கத்தில் இன்னும் கூடும்.

கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எதிரே வருவது 20 மீட்டருக்கு அப்பால் தெரிந்தாலே அதிகம். 14 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் சாதாரண டயர் சமாளிக்கக்கூடிய உச்ச வேகமே மணிக்கு சுமார் 35 கி.மீ. தான். அதற்கு மேல் போனால் ஸ்டீயரிங் யார் கையில் இருந்தாலும் கார் வெளிப்பக்கம்தான் போகும்.

2024-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந்தேதி இதே மலைப்பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்த சோகத்தை சேலம் மக்கள் மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையால் மண்சரிவு ஏற்பட்டு போக்குவரத்தே நின்றது.

மலையில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி, காலேஜ், சந்தை எல்லாவற்றுக்கும் இறங்க வேண்டிய பாதை இது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருந்தாலும், சேலம் பாதையை ஒரு நாள் முழுக்க மூடுவது சாதாரண காரியம் அல்ல. வழியில் காடு. காட்டெருமை குறுக்கே வந்தால் அதற்கு கொடி காட்டி நிறுத்த முடியாது.

யாரிடம் அனுமதி?

இந்தியாவில் கார், பைக் பந்தயங்களை கட்டுப்படுத்துவது இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பு. சுருக்கமாக எப்.எம்.எஸ்.சி.ஐ. 1971-ல் உருவான இந்த அமைப்பின் தலைமையிடம் சென்னை. மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றது.

நாலு நண்பர்கள் சேர்ந்து நோட்டீஸ் அடித்து போட்டி வைக்க முடியாது. இந்த கூட்டமைப்பில் சேர்ந்த கிளப் மூலமாகத்தான் "பெர்மிட்" வாங்க வேண்டும். சேலம் இளைஞர்கள் தனி கிளப் தொடங்கலாம். அல்லது சென்னை, கோவையில் ஏற்கனவே உள்ள கிளப்புடன் கைகோர்க்கலாம்.

அடுத்து, இடத்தின் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம், போலீஸ் அனுமதி, தீயணைப்பு துறைக்கு தகவல், போட்டிக்கான தனி இன்சூரன்ஸ் ஆகியவை தேவை. பொதுச்சாலையை தொட்டால் மாநில அரசின் சம்மதம் வரை போக வேண்டும்.

சென்னை தீவுத்திடலை சுற்றி 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1-ந்தேதிகளில் இரவு நேர கார் பந்தயம் நடந்தது. அரசே முன்னின்று நடத்தியும், பாதை பாதுகாப்பானது என்ற சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கார்கள் ஓடின. அரசுக்கே அந்த கதி என்றால் மற்றவர்களுக்கு சொல்ல வேண்டியது இல்லை.

எந்த இடம் வசதி?

சேலத்தில் நிரந்தர பந்தய பாதை இல்லை. செட்டிப்பாளையம் சுமார் 170 கி.மீ., இருங்காட்டுக்கோட்டை சுமார் 300 கி.மீ. தூரம். விடியற்காலை கிளம்பினால் கோவையில் ஓட்டிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து விடலாம்.

உள்ளூரிலேயே நடத்த வேண்டும் என்றால், சுற்றிலும் வேலி போட்டு ஆட்கள் நுழையாமல் தடுக்கக்கூடிய பெரிய தனியார் மைதானம் வேண்டும். 600 மீட்டர் முதல் ஒரு கி.மீ. வரை பாதை போட்டால் போதும்.

பாதை போடுவதில்தான் சூட்சுமம். நேராக நீளமாக விட்டால் பெரிய என்ஜின் கார்தான் ஜெயிக்கும், வேகமும் எகிறும். அதனால் அடிக்கடி வளைவு வைக்க வேண்டும். வளைவுக்கு வெளிப்பக்கம் மரம், கிணறு, சுவர், மின்கம்பம் எதுவும் இருக்கக்கூடாது. பார்வையாளர்களை வளைவின் வெளிப்பக்கம் நிற்க விடவே கூடாது.

ஒரு கி.மீ. பாதையை 60 வினாடியில் முடித்தால் சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. தான். 50 வினாடி என்றால் 72 கி.மீ. கேட்க சாதாரணமாக இருக்கும். ஓட்டிப்பார்த்தால் உள்ளங்கை வியர்த்து விடும்.

கார் பிரிவுகள்: இதுதான் உயிர்நாடி

மாருதி 800 வைத்திருப்பவரையும், போலோ டர்போ வைத்திருப்பவரையும் ஒரே பட்டியலில் போட்டால் முதல் சுற்றிலேயே முடிவு தெரிந்துவிடும். அடுத்த முறை சின்ன கார்காரர் யாரும் வரமாட்டார்கள். போட்டியே படுத்துவிடும். அதற்காகத்தான் பிரிவுகள்.

முதல் அளவுகோல் என்ஜின் கொள்ளளவு, அதாவது சி.சி. உள்ளூர் அளவில் தொடங்குபவர்களுக்கு இப்படி பிரிப்பது வசதி:-

1. 800 சி.சி. வரை: மாருதி 800, ஆல்டோ 800 (இரண்டும் 796 சி.சி.)

2. 801 முதல் 1,200 வரை: பழைய ஜென் (993), ஸ்விப்ட் 1.2 பெட்ரோல் (1,197)

3. 1,201 முதல் 1,400 வரை: எஸ்டீம் (1,298), பழைய ஸ்விப்ட் 1.3 பெட்ரோல் (1,298)

4. 1,401 முதல் 1,650 வரை: போலோ 1.6 (1,598), பழைய பலேனோ செடான் (1,590)

5. 1,650-க்கு மேல், மற்றும் என்ஜினில் கை வைத்த எல்லா கார்களும்: "ஓபன்" பிரிவு

பெண்களுக்கும், முதன்முதலாக வருபவர்களுக்கும் தனி பிரிவு வைப்பது நல்லது. ஜிப்சி போன்ற நாலு சக்கர இழுவை வண்டிகள் மண் பாதையில் மற்ற கார்களை எளிதாக முந்தும் என்பதால் தனியாக நிறுத்த வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் டர்போ. டர்போ என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், சின்ன என்ஜினும் பெரிய என்ஜின் பலத்தை காட்டும். அதனால் சர்வதேச விதியில் பெட்ரோல் டர்போ என்றால் சி.சி.யை 1.7-ஆல், டீசல் டர்போ என்றால் 1.5-ஆல் பெருக்க வேண்டும்.

போலோ 1.2 டர்போ பெட்ரோல் 1,197 சி.சி. அதை 1.7-ஆல் பெருக்கினால் 2,035. ஸ்விப்ட் டீசல் 1,248 சி.சி. அதை 1.5-ஆல் பெருக்கினால் 1,872. இரண்டுமே ஓபன் பிரிவுக்கு போய்விடும். "என் காரு 1,200 தானே" என்று வாக்குவாதம் பண்ண இடமே இல்லை.

மலை மேல் போட்டி வைத்தால் இன்னொரு கணக்கும் சேரும். ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் சுமார் 86 சதவீதம்தான். சாதாரண என்ஜின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். டர்போ என்ஜின் அவ்வளவாக பாதிக்கப்படாது. எனவே மலையில் டர்போவை தனியாக பிரிப்பது இன்னும் அவசியம்.

இரண்டாவது அளவுகோல் மாற்றங்கள். கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தால் "ஸ்டாக்". டயர், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் மட்டும் மாற்றினால் அதற்கு ஒரு பட்டியல் போட்டு அனுமதிக்கலாம். என்ஜினை திறந்தாலோ, கம்ப்யூட்டர் பெட்டியில் மென்பொருளை மாற்றினாலோ நேராக ஓபன்.

ரோட்டில் ஓடும் காரின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. எனவே மாற்றம் செய்த காரை டிரெய்லரில் ஏற்றி வந்து, டிரெய்லரில் ஏற்றிப்போவதுதான் முறை.

ஒரு பிரிவில் இரண்டு கார் மட்டும் வந்தால் அடுத்த பெரிய பிரிவுடன் சேர்த்து விட வேண்டும். எத்தனைக்கு குறைந்தால் சேர்ப்போம் என்பதை முன்கூட்டியே விதிமுறையில் எழுதி வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் முடிவு செய்தால் சண்டைதான்.

கார் சோதனை

போட்டிக்கு முன் ஒவ்வொரு காரையும் சோதனை அதிகாரி பார்ப்பார். பிரேக், டயர், ஸ்டீயரிங், சீட் பெல்ட், எண்ணெய் கசிவு, பேட்டரி கட்டு, ஆக்சிலேட்டர் பெடலை விட்டவுடன் திரும்புகிறதா என்பதெல்லாம் பார்க்கப்படும்.

காருக்குள் தண்ணீர் பாட்டில், ஜாக்கி, சாமி சிலை, ஸ்பீக்கர் என்று கழன்று ஓடக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் புரியும்.

ஓட்டுபவருக்கு டிரைவிங் லைசென்ஸ், கூட்டமைப்பின் போட்டி லைசென்ஸ், டாக்டர் சான்று வேண்டும். விதியில் சொன்ன தரத்தில் ஹெல்மெட், முழுக்கை பருத்தி உடை, ஷூ கட்டாயம். செருப்பு போட்டு வந்தால் திருப்பி அனுப்பப்படுவார். பக்கத்து சீட்டில் நண்பரை ஏற்றவும் கூடாது.

நேரம் எடுப்பது எப்படி?

செல்போன் கடிகாரத்தில் நேரம் எடுத்தால் கட்டைவிரல் வேகத்தை பொறுத்து முடிவு மாறும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒளிக்கதிர் கருவி வைத்து, கார் அதை குறுக்கிடும்போது தானாக நேரம் பதிவாக வேண்டும். வினாடியில் நூறில் ஒரு பங்கு வரை கணக்கு எடுப்பது வழக்கம்.

ஒவ்வொருவருக்கும் 2 பயிற்சி ஓட்டம், 2 போட்டி ஓட்டம். இரண்டில் சிறந்த நேரம் கணக்கில் வரும். கூம்பை தட்டினால் எத்தனை வினாடி கூடும், பாதை மாறினால் என்ன தண்டனை என்பதும் விதிமுறையில் இருக்கும்.

40 கார்கள் வந்தால் மொத்தம் 160 ஓட்டம். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கார் விட்டாலும் 4 மணி நேரம் ஆகும். சோதனை, சாப்பாடு, தாமதம் எல்லாம் சேர்த்தால் காலை 7 மணிக்கு தொடங்கி சாயங்காலம் வரை போகும். எனவே முதல் முறை 40 கார்களுக்கு மேல் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

பாதை ஓரம் ஒவ்வொரு வளைவிலும் கொடி பிடிக்கும் ஊழியர் வேண்டும். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். ஒருவரை அடுத்தவர் பார்க்கும்படி நிற்க வேண்டும். முந்தைய கார் வெளியே வந்துவிட்டது என்று தகவல் வந்த பிறகே அடுத்த காரை விட வேண்டும்.

சாம்பியன் யார்?

ஒரு நாள் போட்டி என்றால் கோப்பை கொடுத்து அனுப்பிவிடலாம். சாம்பியன்ஷிப் என்றால் வருடத்தில் 4, 5 சுற்றுகள் வைத்து புள்ளி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இடத்துக்கு 10, அடுத்து 8, 6, 5, 4 என்று கொடுக்கலாம். ஒரு சுற்றை விட்டுக்கொடுக்கும் வசதி வைத்தால், கார் ரிப்பேர் ஆனவரும், லீவு கிடைக்காதவரும் போட்டியில் நீடிப்பார்கள்.

எல்லா பிரிவுக்கும் சேர்த்து ஒரு சாம்பியன் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு இலக்கு நேரம் வைக்க வேண்டும். உதாரணமாக 800 சி.சி.க்கு 60 வினாடி, ஓபனுக்கு 50 வினாடி.

மாருதி 800 ஓட்டுபவர் 61.20 வினாடியில் முடித்தால் அவருக்கு 98.04 புள்ளி. ஓபன் காரில் 52 வினாடியில் முடித்தவருக்கு 96.15 புள்ளி. கடிகாரத்தில் 9 வினாடி பின்னால் வந்தவர்தான் இங்கே முதல் இடம். பழைய மாருதி வைத்திருக்கும் மெக்கானிக் பையனும் மேடை ஏறும் வாய்ப்பு அப்படித்தான் கிடைக்கும்.

டாக்டர் இல்லை என்றால் ஓட்டம் இல்லை

டாக்டர், ஆம்புலன்ஸ், தீயணைப்பான், காரை இழுக்கும் வண்டி நாலும் இடத்தில் இருந்தால்தான் முதல் கார் கிளம்ப வேண்டும். ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வெளியே போனால், அது திரும்பும் வரை அல்லது இன்னொன்று வரும் வரை போட்டி நிற்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, போகும் வழியையும் எடுக்கும் நேரத்தையும் ஒரு முறை ஓட்டிப்பார்த்து வைக்க வேண்டும். போட்டி முடிந்த உற்சாகத்தில் ரோட்டில் சீறிக்கொண்டு வீட்டுக்கு போகும் பழக்கத்தையும் ஏற்பாட்டாளர்கள் கண்டிக்க வேண்டும்.

பார்க்க விரும்புபவர்கள், ஓட்ட விரும்புபவர்கள் முதலில் கோவை, சென்னை போட்டிகளில் கொடி பிடிக்கும் தொண்டராக ஒரு நாள் போய் வரலாம். எது எங்கே தவறும் என்பது ஓரத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். சேலத்தில் போட்டி நடத்த நினைப்பவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அதுவரை ஏற்காடு மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு வழிவிட்டு, வளைவில் ஹாரன் அடித்து, இறங்கும்போது குறைந்த கியரில் நிதானமாக இறங்க வேண்டும். அந்த 20 வளைவிலும் நேரம் எடுக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டில்தான் காத்திருக்கிறார்கள்.